அவருக்கே தெரியாமல்

பஸ் ஸ்டாண்டு சுவர்ல ஆரம்பிச்சு வாட்ஸப் ஃபார்வர்டு வரைக்கும் எங்க பாத்தாலும் இந்த விளம்பரம்தான். "குடிப்பவருக்கே தெரியாமல் குடியை நிறுத்தலாம்." சாம்பார்ல கலக்கலாமாம். ரசத்துல கலக்கலாமாம். நிறம் கிடையாது, மணம் கிடையாது, ருசி கிடையாது. (பரம்பொருளுக்குக்கூட இவ்வளவு சுருக்கமா யாரும் இலக்கணம் சொன்னதில்ல.)

போன வாரம் எங்க குடும்ப குரூப்ல ஒரு பெரியவர் இதைப் போட்டு, கீழ மூணு கும்பிடும் போட்டிருந்தார். எனக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறிடுச்சு. அங்க ஏதாவது எழுதினா "பெரியவங்க போட்டதுக்கு இப்படியா பதில் சொல்றது"ன்னு அம்மா போன் பண்ணும். அதனால இங்க எழுதறேன். நீளமாத்தான் போகும். டீ போட்டு எடுத்துக்கிட்டு வாங்க.

மருந்து விஷயத்தை முதல்ல முடிச்சுடறேன். டைசல்ஃபிரம்னு ஒரு மாத்திரை இருக்கு. டாக்டர்களே கொடுக்கிறதுதான். அதைப் போட்டுக்கிட்டு மேல குடிச்சா மூஞ்சி சிவந்து, நெஞ்சு படபடன்னு அடிச்சு, வாந்தி வந்து, பிரஷர் இறங்கி, சில பேருக்கு உயிரே போற அளவுக்குப் போகும். அதனாலதான் குடிக்கிறவர்கிட்ட விவரம் சொல்லி, அவர் சம்மதிச்சா மட்டும் கொடுக்கணும். இதை ரசத்துல கலந்துட்டு, அவர் வழக்கம்போல சாயங்காலம் கடைக்குப் போனா என்ன ஆகும்னு யோசிச்சுக்கங்க. அந்தப் பொட்டலத்துல இருக்கிறது இதுதானா, வேற எதாவதான்னு விக்கிறவருக்கே வெளிச்சம்.

ஆனா என் எரிச்சல் பொட்டலத்து மேல இல்ல. அந்த "அவருக்கே தெரியாமல்" மேல.

நம்ம வீடுகள்ல குடிக்கு வைத்தியம்னாலே எல்லாம் அவருக்குத் தெரியாமதான். தெரியாம மருந்து. தெரியாம தலகாணிக்குக் கீழ தகடு. தெரியாம ராத்திரியில வேன் வரவெச்சு நாலு பேர் தூக்கிட்டுப் போறது. எதுவும் சரிப்படலன்னா கல்யாணம் பண்ணி வெச்சுடுறது. (இது மட்டும் பொண்ணுக்குத் தெரியாம.)

என் சித்தி பையனுக்கு இதுல கல்யாணத்தைத் தவிர எல்லாம் நடந்துச்சு. பேர் வேண்டாம், தம்பின்னே வெச்சுக்கறேன். பி.ஈ. படிச்சவன். நல்லா பாடுவான். காலையில எழுந்ததும் கை நடுக்கத்துக்கு ஒரு கட்டிங் போட்டாத்தான் பல்லே விளக்க முடியும்ங்கிற நிலைமைக்கு வந்திருந்தான்.

வேன் வந்த கதையைச் சுருக்கமா சொல்றேன். நாலு பேர் வந்தாங்க. பனியனோட தூக்கினாங்க. முப்பது நாள் பேக்கேஜ். ஒரே ஹால்ல வெளிய பூட்டு போட்டு அத்தனை பேரையும் படுக்க வெச்சிருந்தாங்களாம். எதிர்த்துப் பேசினா பைப்பால அடி. வீட்டுக்குப் போன் பேசும்போது பக்கத்துல ஒருத்தன் நிப்பான். "நல்லா இருக்கேம்மா"ன்னு சொல்லணும். சித்தியும் "குரல்ல ஒரு தெளிவு வந்திருக்குடி"ன்னு எங்கிட்ட சந்தோஷப்பட்டுச்சு. முப்பது நாள் முடிஞ்சு கேட்டைத் தாண்டினவன் வீட்டுக்கு வர்ற வழியிலயே குடிச்சுட்டுத்தான் வந்தான்.

அந்த மையத்தோட பேரைச் சொல்லப் போறதில்ல. சட்டத்தை மட்டும் சொல்லிடறேன், யாருக்காவது உதவும். 2017ல வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் குடி, போதையால வர்ற பாதிப்பையும் மனநோய்க் கணக்குல சேர்த்திருக்கு. ஆளைத் தங்கவெச்சு வைத்தியம் பாக்கிற இடம் மாநில மனநல ஆணையத்துல பதிவு பண்ணியிருக்கணும். ஒருத்தர் விருப்பமில்லாம சேர்க்கிறதுக்கும் வழி இருக்கு. ஆனா அதுக்கு மனநல மருத்துவர் உட்பட ரெண்டு பேர் தனித்தனியா பரிசோதிக்கணும், கால வரம்பும் உண்டு. வேன் டிரைவர் முடிவு பண்ற சமாச்சாரம் இல்ல அது. யாரையும் எந்த விதத்துலயும் சங்கிலியால கட்டக் கூடாதுன்னும் பச்சையாவே எழுதியிருக்கு. 2001 ஆகஸ்ட்ல ஏர்வாடி மனநலக் காப்பகத்துல தீப்பிடிச்சு 28 பேர் செத்தது ஞாபகம் இருக்கும். சங்கிலியால கட்டியிருந்ததால ஓட முடியல. இவ்வளவு நடந்த தமிழ்நாட்டுலதான் இன்னமும் வேன் ஓடுது.

அடுத்து நானே போனை எடுத்துக்கிட்டு உக்காந்தேன். கூகுள்ல கிடைச்ச நம்பரை எல்லாம் வரிசையா அடிச்சேன். எல்லா இடத்துலயும் ஒரே உரையாடல்தான்.

"எத்தனை நாள் பேக்கேஜ் மேடம்? முப்பதா, அறுபதா, தொண்ணூறா?"

"உள்ள என்ன பண்ணுவீங்க?"

"யோகா, மெடிடேஷன், கவுன்சிலிங், கேரம். ஏசி வேணுமா, நான்-ஏசி போதுமா?"

"அவன் வெளிய போகணும்னு சொன்னா?"

"அதெல்லாம் விடவே மாட்டோம் மேடம். நீங்க கவலையே படாதீங்க. பிக்கப் ஃப்ரீ."

நான் பயந்து கேக்கிறதை அவங்க எனக்கு ஆறுதலா சொல்றாங்க!

கடைசியில ஒரு அரசு ஆஸ்பத்திரி மனநல டாக்டர்தான் விவரமா பேசினார். முதல்ல டீடாக்ஸ், அது ஆஸ்பத்திரி வேலைன்னார். தினம் குடிக்கிறவர் திடீர்னு நிறுத்தினா வலிப்பு வரலாம், ரெண்டு மூணு நாள்ல நினைவு தடுமாறி இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியலாம், உயிரே போகலாம். வீட்டுல பூட்டிவெச்சு நிறுத்துற வீரமெல்லாம் கூடாதுன்னு கண்டிப்பா சொன்னார். அது ஒரு வாரம், பத்து நாள் சங்கதி. "அதுக்கப்புறம்தான் உங்க தம்பிக்கு வேலையே இருக்கு. மாசக் கணக்குல தங்கறமாதிரி ஒரு வீடு பாருங்க. குடியை விட்டவங்களே நடத்துற வீடு. தெராபியூடிக் கம்யூனிட்டின்னு சொல்லுவாங்க."

சித்திக்கு மாசக் கணக்குன்னதுமே கண்ணு கலங்கிடுச்சு. "ஜெயில்லகூட நன்னடத்தைக்கு முன்னாடியே விடுறாங்களேடி."

விசாரிச்சு விசாரிச்சு மலையடிவாரத்துல ஒரு வீட்டு நம்பர் கிடைச்சுது. ஆம்பளைங்க மட்டும். தோட்டம், மாடு, கோழி. போன் பண்ணேன். கரகரன்னு ஒரு குரல்.

"யாருங்க குடிக்கிறது? நீங்களா?"

"ஐயோ, இல்லீங்க. என் தம்பி."

"அப்ப அவர் பேசட்டும்." டொக்.

அவ்வளவுதான்! அக்கா, அம்மா, மாமா, சிபாரிசு, பெரிய இடம், எதுவும் எடுபடல. தம்பியே கூப்பிடணும். அவன் கூப்பிட்டா, நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு மறுபடியும் கூப்பிடுங்கறாங்க. ஏழு மணிக்கு! அவன் ஏழு மணியைப் பாத்தே வருஷக்கணக்கு ஆச்சு. அலாரம் வெச்சு எழுந்து கூப்பிட்டான்.

டீடாக்ஸ் முடிச்சு நேரா கூட்டிட்டுப் போனோம். வாசல்ல ஒரு பெஞ்சு. "உக்காருங்க"ன்னாங்க. உக்காந்தான். காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் அப்படியே. சாப்பாடு, தண்ணி வந்துச்சு, பேச்சு மட்டும் இல்ல. மத்தவங்க பாட்டுக்கு வேலை பாத்துக்கிட்டுப் போயிட்டு வர்றாங்க. சித்தி கார்லேர்ந்து இறங்கி இறங்கிப் போய் எட்டிப் பாத்துட்டு வந்து புலம்புது. "என்னடி இது, காசும் வாங்கல, உள்ளயும் விடல. எம் புள்ளைய வேலை கேட்டு வந்தவன் மாதிரி உக்கார வெச்சிருக்கானுங்க."

(அந்த பெஞ்சுக்குப் பெரிய பரம்பரையே இருக்குன்னு அப்புறம் படிச்சேன். அமெரிக்காவுல 60கள்லயே இந்த மாதிரி வீடுகள்ல வாசல் நாற்காலி உண்டு. கேட்டைத் திறந்தேதான் வெச்சிருப்பாங்க. எழுந்து போகணும்னா போகலாம். போகாம உக்காந்திருக்கிறதுதான் நுழைவுத் தேர்வு.)

இருட்டுற நேரத்துல மூணு பேர் வந்து எதிர்ல உக்காந்தாங்க. மூணு பேரும் முன்னாள் குடிகாரங்க. ஒருத்தர்கூட டாக்டர் இல்ல.

"ஏன் வந்தீங்க?"

"வீட்ல பிரச்சினை."

"வீட்ல பிரச்சினைன்னா வக்கீலைப் பாருங்க. ஏன் வந்தீங்க?"

அது அப்படியே ஒரு மணி நேரம் போச்சாம். கடைசியில என்ன சொன்னான்னு எங்கிட்ட இன்னிக்கு வரைக்கும் சொன்னதில்ல. நானும் கேக்கல. உள்ள சேர்த்துக்கிட்டாங்க.

மறுநாள் காலையில முதல் வேலை, கக்கூஸ் கழுவுறது.

தன் தட்டைத் தானே எடுத்துக் கழுவாதவன் அவன். தமிழ்நாட்டு ஆம்பளைப் புள்ளைன்னா சும்மாவா! சித்திக்கு இது தெரிஞ்ச அன்னிக்கு நடந்த ரகளையை எழுதினா தனிப் பதிவாயிடும். அதைவிட சித்தியை வாட்டினது, அவன் வேலையைச் சரிபாக்கிறவர் ஒரு ஆட்டோ டிரைவர்ங்கிறதுதான். அவர் இவனுக்கு நாலு மாசம் சீனியர். அந்த வீட்டுல படிப்பு, சாதி, சம்பளம் எதுக்கும் சீனியாரிட்டி கிடையாது. எத்தனை நாளா ஒழுங்கா இருக்கேங்கிறதுதான் கணக்கு. ஒழுங்கா செஞ்சா சமையல்கட்டு, அப்புறம் ஸ்டோர், தோட்டம், ஆபீஸ்னு மேல போகலாம். தப்பு பண்ணா மறுபடியும் பிரஷ்ஷைக் கையில கொடுத்துடுவாங்க. தம்பி ஸ்டோர் வரைக்கும் போயிட்டு, சர்க்கரைக் கணக்குல ஏதோ சின்னப் பொய் சொல்லி, திரும்பவும் கக்கூஸுக்கே வந்தான்.

குடும்ப நாள்னு மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை விடுவாங்க. அன்னிக்குத்தான் அவங்களோட காலைக் கூட்டத்தைப் பாத்தேன். எல்லாரும் வட்டமா உக்காந்திருக்காங்க. ஒருத்தர் அன்னிக்கு நியூஸ் சொல்றார். ஒருத்தர் இன்னிக்கு மழை வருமான்னு சொல்றார். அறுபது வயசு ரிட்டயர்டு ஆள் ஒருத்தர் எழுந்து கோழி மாதிரி நடந்து காட்டினார். சத்தியமா. கூட்டமே சிரிச்சு உருளுது. எனக்கு முதல்ல கூச்சமா இருந்துச்சு. பக்கத்துல இருந்த சீனியர் மெதுவா சொன்னார்: "மேடம், இவர் வீட்டுல இருபது வருஷமா யாரும் இவரைப் பாத்து சிரிச்சதில்ல. பயந்துதான் பாத்திருக்காங்க."

அடுத்தது புல்-அப். ஒருத்தர் எழுந்து கேக்கறார். "ராத்திரி பாத்ரூம் லைட்டை அணைக்காம போனது யாரு?"

மௌனம்.

ஒரு லைட்டுக்கு இவ்வளவு பெரிய மௌனமான்னு எனக்குத் தோணுச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு ஒரு பையன் எழுந்து "நான்தான்"னான். அவன் காரணம் சொல்லக் கூடாது. "தூக்கக் கலக்கத்துல"ன்னு ஆரம்பிக்கக் கூடாது. நன்றி சொல்லிட்டு உக்காரணும். அவ்வளவுதான் விதி. எனக்கு இது ரொம்பப் பிடிச்சுது. குடிக்கிறவங்ககூட வாழ்ந்தவங்களுக்குத் தெரியும், அவங்க சொல்ற பொய்யில பாதி தேவையே இல்லாத பொய். சாப்பிட்டியான்னு கேட்டா சாப்பிடாமலே சாப்பிட்டேம்பாங்க. நாக்குல பொய் அப்படிப் பழகியிருக்கும். அந்தப் பழக்கத்துக்குத்தான் லைட் ஸ்விட்சுல வைத்தியம் நடக்குது.

மூணு விஷயத்துக்கு மன்னிப்பு கிடையாது. போதை, அடிதடி (மிரட்டலும் சேத்திதான்), உள்ள இருக்கிறவங்களுக்குள்ள உடலுறவு. மீறினா மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அன்னிக்கு மத்தியானம் சமையல் தம்பி முறை. அறுபது பேருக்கு சாம்பார். நிறம், மணம், ருசி மூணும் இருந்துச்சு. சித்தி ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டுட்டு "புளி கொஞ்சம் தூக்கல்"னு சொல்லுச்சு. (மாமியார் புத்தி பையன் சமைச்சாலும் போகாது.)

வீட்டுக்கு வந்து இந்த முறையை யாருடா கண்டுபிடிச்சாங்கன்னு தேட ஆரம்பிச்சேன். தூக்கம் போச்சு.

1958ல கலிஃபோர்னியா சாண்டா மோனிகாவுல சார்லஸ் டெடரிக்னு ஒரு ஆள். குடியிலேர்ந்து ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் மூலமா மீண்டவர். குரல் பெருசு, உடம்பு பெருசு. தன் வீட்டுல நடத்தின கூட்டத்துக்கு ஹெராயின் பழக்கம் இருக்கிறவங்க வர ஆரம்பிச்சாங்க. அந்தக் காலத்துல ஹெராயின்காரன்னா ஜெயில், இல்லன்னா ஆஸ்பத்திரி வார்டு. தேறவே மாட்டான்னு டாக்டர்களே கைவிட்ட கேஸ். இவர் அவங்களைச் சேர்ந்து தங்கவெச்சார். சினனான்னு பேர் ஆச்சு. புதுசா வர்றவன் ஹாலுக்கு நடுவுல சோபாவுல படுத்துக்கிட்டு நடுங்குவான், வாந்தி எடுப்பான். சுத்தி மத்தவங்க பேசிக்கிட்டு, பாட்டு கேட்டுக்கிட்டு இருப்பாங்க. உன்னை மாதிரியே கிடந்தவங்கதான் நாங்க, பாரு, இப்ப காபி குடிக்கிறோம்னு காட்டுறதுதான் மருந்து. (ஹெராயினை இப்படி விடலாம், பெரும்பாலும் உயிருக்கு மோசம் இருக்காது. குடியை இப்படி விட்டா டாக்டர் சொன்ன வலிப்பு கதைதான். சோபாவைப் பாத்து யாரும் வீட்டுல முயற்சி பண்ணிடாதீங்க.)

ஜோ பாஸ்னு ஒரு பெரிய ஜாஸ் கிட்டார் கலைஞர் அங்கதான் ஹெராயினை விட்டார். அங்க இருந்த மத்த கலைஞர்களோட சேர்ந்து 1962ல ஒரு இசைத்தட்டே போட்டார். யூடியூப்ல இருக்கு, கேட்டுப் பாருங்க.

அங்கேர்ந்து கிளைகள் பிரிஞ்சுது. நியூயார்க்ல 1963ல டேடாப். 1967ல ஒரு ஆஸ்பத்திரி டீடாக்ஸ்ல சந்திச்ச ஆறு பேர் ஒண்ணா ஒரு வீட்டுல தங்க ஆரம்பிச்சு அது ஃபீனிக்ஸ் ஹவுஸ் ஆச்சு. தம்பி இருக்கிற வீட்டுல லைட் ஸ்விட்சுக்கு எழுந்து நிக்கிற பழக்கமெல்லாம் இந்த வழியா உலகம் சுத்தி வந்ததுதான்.

இதுவரைக்கும் படிச்சுட்டு எனக்கு ஒரே குஷி. அடுத்த பக்கத்துல குஷி போச்சு.

டெடரிக் போகப் போக ஆளே மாறிட்டார். முதல்ல, தேறினவங்க வெளிய போய் வேலை பாக்கலாம்னு இருந்துச்சு. 60களோட கடைசியில, யாரும் வெளிய போக வேண்டாம், சாகுற வரைக்கும் இங்கயே இருங்கன்னுட்டார். எனக்கு எல்லாமே அங்கதான் கோணல் ஆச்சுன்னு தோணுது. அப்புறம் சினனானை மதம்னு அறிவிச்சார். எல்லாருக்கும் மொட்டை. ஆம்பளைங்களுக்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன். புருஷன் பொண்டாட்டியைப் பிரிச்சு வேற ஜோடி சேர்த்தாங்க. எதிர்த்து வழக்கு நடத்தின பால் மொராண்ட்ஸ்ங்கிற வக்கீலோட தபால் பெட்டியில 1978 அக்டோபர்ல கிலுகிலுப்பைப் பாம்பை விட்டாங்க. சத்தம் கேக்கக் கூடாதுன்னு அதோட கிலுகிலுப்பையை வெட்டி எடுத்துட்டு! மனுஷன் கடிபட்டும் பிழைச்சுக்கிட்டார். ரெண்டு மாசத்துல டெடரிக்கைக் கைது பண்ணப் போனப்போ அவர் முட்டக் குடிச்சிருந்தார். பாயின்ட் ரேயஸ் லைட்னு ஒரு குட்டி ஊரோட வாரப் பத்திரிகை சினனானைப் பத்தி விடாம எழுதி 1979ல புலிட்சர் பரிசு வாங்குச்சு. 1991ல அமெரிக்காவுல கடையைச் சாத்தினாங்க.

சரி, அது ஒரு ஆளோட கிறுக்குன்னு விடலாம்னா, இத்தாலி இருக்கு.

ரிமினி பக்கம் கொரியானோங்கிற ஊர்ல 1978ல வின்சென்சோ முச்சோலி ஆரம்பிச்ச சான் பாட்ரிஞ்ஞானோ. 2020 கடைசியில நெட்ஃபிளிக்ஸ்ல தொடரா வந்துச்சே, பாத்திருப்பீங்க. காசே வாங்க மாட்டாங்க. மூணு நாலு வருஷம் தங்கணும். திராட்சைத் தோட்டம், ஒயின் (ஆமாம், போதை மீட்பு வீட்டுல ஒயின்! இத்தாலிக்காரங்க), நெசவு, நாய் வளர்ப்பு. 80கள்ல இத்தாலி முழுக்க ஹெராயின், அரசாங்கம் கையைப் பிசைஞ்சுக்கிட்டு நின்னுச்சு. பெத்தவங்க புள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு அந்த கேட்டுக்கு முன்னால வந்து கிடந்தாங்க. 1980ல போலீஸ் உள்ள போனா, ஓடப் பாத்தவங்களைச் சங்கிலியால கட்டி வெச்சிருந்துது தெரிஞ்சுது. கோர்ட்ல கேஸ். அந்தக் கேஸ்ல பல தாய் தகப்பன்மார் முச்சோலி பக்கம்தான் நின்னாங்க. எம் புள்ளை செத்துப் போறதுக்குச் சங்கிலி மேல்னாங்க. 1985ல தண்டனை ஆச்சு, மேல்முறையீட்டுல விடுதலை ஆனார். 1989ல உள்ளேயே ஒருத்தரை அடிச்சே கொன்னாங்க. உடம்பை நேப்பிள்ஸ் பக்கம் கொண்டுபோய்ப் போட்டாங்க. அதை மறைக்க உதவினதுக்காக 1994ல முச்சோலிக்குத் தண்டனை. அடுத்த வருஷம் செத்துட்டார். அந்த வீடு இன்னிக்கும் நடக்குது. உயிர் பிழைச்சோம்னு கண்ணீரோட சொல்றவங்க ஆயிரக்கணக்குல இருக்காங்க. அதுவும் பொய் இல்ல.

அந்தத் தொடரை சித்தியை உக்கார வெச்சுப் பாத்தேன். சங்கிலி வர்ற இடத்துல அந்த அம்மாக்கள் பேசறதைப் பாத்துட்டு சித்தி சொல்லுச்சு: "நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்." வேன்காரனுக்கு அட்வான்ஸ் கொடுத்த கை அது. எனக்குப் பதில் வரல.

ஒரு வீடு முழுக்க பழைய குடிகாரங்களும் புது குடிகாரங்களும் மட்டும் இருந்து, மேல ஒருத்தர் கையில எல்லாச் சாவியும் இருந்தா, பாசத்துக்கும் அடிமைத்தனத்துக்கும் நடுவுல கோடு எங்க இருக்குன்னு உள்ள இருக்கிறவங்களுக்குத் தெரியாது. அமெரிக்க வீடுகள்லயே ஆரம்ப காலத்துல தப்பு பண்ணவனுக்கு மொட்டை அடிக்கிறது, கழுத்துல அட்டை மாட்டிவிடுறது, கூட்டமா சுத்தி நின்னு கத்துறதுன்னு எல்லாம் இருந்துச்சு. அதைப் பெரும்பாலான இடங்கள்ல இப்ப விட்டுட்டாங்க. நல்ல வேளை. தம்பி இருக்கிற வீட்டுலயும் வாராவாரம் ஒரு கூட்டம் உண்டு. யார் மேல கோபமோ சீட்டு எழுதிப் போட்டுட்டு நேருக்கு நேர் கத்தலாம், நாற்காலியை விட்டு எழுந்திருக்கக் கூடாது. தேவைன்னு அவங்க சொல்றாங்க. எனக்கு இன்னும் ஒப்பல.

ஆனா வேற மாதிரி வளர்ந்த வீடும் உண்டு. சான் ஃபிரான்சிஸ்கோவுல டிலான்சி ஸ்ட்ரீட்னு ஒண்ணு இருக்கு. சினனான்லேர்ந்து வந்த ஜான் மாஹர் 1971ல ஆரம்பிச்சது. கூட வந்து சேர்ந்து பல வருஷம் நடத்தினவங்க மிமி சில்பர்ட், குற்றவியல் படிச்சவங்க. குறைஞ்சது ரெண்டு வருஷம். நிறையப் பேர் ஜெயில்லேர்ந்து வர்றவங்க. அரசாங்கப் பணம் வாங்கறதில்ல. அவங்க நடத்துற தொழில்ல ஒண்ணு, வீடு மாத்தித் தர்ற கம்பெனி! பூட்டை உடைச்சு உள்ள போன ஆளுங்ககிட்டயே ஊர்க்காரங்க பீரோ, டிவி, பாட்டி நகைப்பெட்டி எல்லாத்தையும் கொடுத்து அனுப்புறாங்க. நகரத்துல பேர் பெற்ற மூவர்ஸ் அவங்க. தங்கியிருக்கிற கடலோரக் கட்டடத்தையும் அவங்களே கட்டினாங்க. படிச்சுட்டு நானே சிரிச்சுக்கிட்டேன். எல்லாச் சாவியும் ஒருத்தர் கையில இல்லாம ஊர்க்காரங்க வீட்டுச் சாவி இவங்க கையில இருக்கு.

"எல்லாம் சரி, பலன் இருக்கா?"ன்னு கேப்பீங்க. அதையும் தேடினேன். 90 நாளுக்குக் கீழ தங்கினா பலன் ரொம்பக் கம்மி, கூடத் தங்கத் தங்க நல்லதுன்னு பல ஆய்வுகள் சொல்லுது. முதல் மாசத்துலதான் நிறையப் பேர் கிளம்பிடறாங்க. ஆனா இதுல ஒரு சிக்கல். தங்கினதால தேறினாங்களா, இல்ல தேறக்கூடியவங்கதான் தங்கினாங்களா? 2006ல வந்த காக்ரேன் தொகுப்பாய்வு, மத்த தங்கிப் பாக்கிற வைத்தியங்களைவிட இது மேல்னு சொல்ல ஆதாரம் பத்தாதுன்னு முடிச்சுடுச்சு. இன்னொண்ணையும் சொல்லணும். ஹெராயின் பழக்கம் இருந்தவங்க மாசக் கணக்குல விட்டுட்டு வெளிய வந்து பழைய அளவையே எடுத்தா உடம்பு தாங்காது, செத்துடுவாங்க. இதைச் சொல்லாம அனுப்புற வீட்டை நான் நல்ல வீடுன்னு சொல்ல மாட்டேன். சென்னையில சாந்தி ரங்கநாதன் 1980ல ஆரம்பிச்ச டிடிகே மாதிரி ஆஸ்பத்திரி முறையில, குடும்பத்தையும் சேர்த்து உக்காரவெச்சு, ஒரு மாசத்துல பாக்கிற இடங்கள்ல தேறினவங்களும் எனக்குத் தெரிஞ்சே உண்டு. எல்லாருக்கும் வருஷக்கணக்கு வேணும்னு நான் சொல்லல.

ஆனா இப்ப யாராவது எங்கிட்ட போன் நம்பர் கேட்டா நான் ஃபீஸ் எவ்வளவுன்னு விசாரிக்கச் சொல்றதில்ல. "உள்ள இருக்கிறவர் போறேன்னு சொன்னா என்ன பண்ணுவீங்க?"ன்னு கேக்கச் சொல்றேன். விடவே மாட்டோம்னு பெருமையா சொன்னா போனை வெச்சுடுங்க.

தம்பி கதைக்கு வர்றேன். அவன் இப்ப கடைசிக் கட்டத்துல இருக்கான். பகல்ல டவுன்ல ஒரு பிரிண்டிங் பிரஸ்ல வேலை, ராத்திரி வந்து அந்த மலையடிவார வீட்டுலதான் படுக்கணும். சம்பளத்தைக் கணக்கு காட்டணும். நடுவுல ஒரு தடவை சறுக்கினான். வந்து அவனே சொன்னான், மறுபடியும் கக்கூஸ்லேர்ந்து ஆரம்பிச்சான். சித்திகூட இந்தத் தடவை அழல.

இப்ப என்ன பிரச்சினைன்னா, அவன் வரமாட்டேங்கிறான்! அங்கயே ஸ்டாஃபா இருந்துடறேங்கிறான். வெளிய பயமா இருக்காம். சித்தி வீட்டுத் தெருமுனையில டாஸ்மாக்கு, பயப்படாம என்ன பண்ணுவான். எனக்கு உடனே டெடரிக் ஞாபகம் வந்து அடிவயிறு கலங்கிடுச்சு. அந்தக் கரகரக் குரல்காரருக்குப் போன் பண்ணேன். இந்தத் தடவை டொக்குன்னு வெக்கல. "இங்கயே இருக்கிறதுக்கு இது மடம் இல்லீங்க. தேதி கொடுத்துட்டோம். ஒரு வருஷம் வெளிய இருந்து காட்டட்டும், அப்புறம் ஸ்டாஃபைப் பத்திப் பேசலாம்"னார். தம்பி செம கடுப்புல இருக்கான். எங்கிட்ட அரை மணி நேரம் அவரைத் திட்டினான். "போக்கா, உனக்கு ஒண்ணும் தெரியாது"ன்னு எனக்கும் கொஞ்சம் கிடைச்சுது.

அதனால இப்ப ரூம் தேடிக்கிட்டு இருக்கேன். பிரஸ்ஸுக்குப் பக்கமா இருக்கணும், தெருவுல கடை இருக்கக் கூடாது. பேச்சிலர்னதும் முகத்தைச் சுளிக்கிறாங்க, ஆறு மாச அட்வான்ஸ் கேக்கறாங்க. குடிச்சவன்னு முன்னாடியே சொல்லிடணும்னு அவன் பிடிவாதம் பிடிக்கிறான், சொன்னா கதவைச் சாத்துறாங்க. கோயம்புத்தூர் பக்கம் யாருக்காவது ஒரு போர்ஷன் தெரிஞ்சா சொல்லுங்க. அறுபது பேருக்கு சாம்பார் வைப்பான். லைட்டை அணைச்சுட்டுத்தான் படுப்பான். கக்கூஸைப் பத்தி வீட்டு ஓனர் கவலையே பட வேண்டாம்.